சிக்கனமும் கூலியும்: மாத்தளைத் தேயிலைத் தொழிற்சாலைகளின் சக்திப் பயன்பாடு பற்றி

தேயிலையின் உற்பத்திச் செலவு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் தோட்ட நிருவாகங்கள் கூலியையே முதலிற் சுட்டுவது வழக்கம். 2021இல் நாட்கூலி 1000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. புகைபோக்கி வழியே வீணாகும் வெப்பத்தையிட்டு எவரும் வழக்காடுவதில்லை. எல்கடுவை, இரத்தோட்டைப் பகுதிகளை மனத்திற்கொண்டு இவ்விரண்டாவது செலவை இங்கு நோக்குவோம். இலக்கிய மாணவர்க்கு உலைக்களத்தில் என்ன வேலை என வினவப்படலாம். மலையக இலக்கியம் கொழுந்து மலையை அறிந்த அளவுக்குத் தொழிற்சாலையின் உட்புறத்தை அறிந்ததில்லை என்பதே எமது விடை.

தேயிலைத் தயாரிப்பு பெரிதும் நீரகற்றும் தொழிலாகும். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து தேவை. எஞ்சிய மூன்றரைக் கிலோவும் போகவேண்டிய நீர். வாட்டும் தொட்டிகளில் மின்விசிறிகள் அதில் ஒரு பகுதியைப் போக்குகின்றன. மீதியை உலர்த்தியின் வெங்காற்று போக்குகின்றது. அவ்வெங்காற்றுக்குப் பெரும்பாலும் விறகே எரிபொருள். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி நீராதலால், ஈரவிறகின் வெப்பத்திற் கணிசமான பங்கு அந்நீரை ஆவியாக்குவதிலேயே கழிகின்றது. விறகைப் பிளந்து, கூரையின்கீழ் அடுக்கிச் சில மாதம் உலரவிடுவதே இதற்குப் பரிகாரம். விசிறியின் கணக்கு இதனினும் வியப்பானது. கொழுந்து வாட வாடக் குறைந்த காற்றே போதும். விசிறி கொள்ளும் வலு வேகத்தின் மூன்றாம் அடுக்கோடு மாறுவதால், வேகத்தை ஐந்திலொன்று குறைப்பின் வலு ஏறத்தாழப் பாதியாகும். வேகத்தை மாற்றும் கருவி பொருத்தாத இடத்திலோ அது இரவு முழுவதும் ஒரே வேகத்திற் சுழல்கின்றது.

இவை புதிய உண்மைகளல்ல. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நிலைபெறுதகு வலு அதிகாரசபையைத் தோற்றுவித்தது. ஆயினும் 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டும், அவ்வாண்டு ஆகஸ்டில் சராசரி 75 வீதக் கட்டண உயர்வும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீத உயர்வும் வந்த பின்னரே சிக்கனம் அவசரப் பேச்சாயிற்று. பொல்கொல்லையிலிருந்து சுரங்கவழி வரும் மகாவலி நீரால் 1976 முதல் மின்பிறப்பிக்கும் உக்குவளையும் இம்மாவட்டத்திலேயே உள்ளது. அதனால் இங்குள்ள தொழிற்சாலைகளுக்குக் கட்டணச் சலுகை எதுவும் வாய்த்துவிடவில்லை.

1894இல் வெளிவந்த ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியின் ஐந்தாம் அத்தியாயம் மாறா மூலதனச் சிக்கனத்தை ஆராய்வது. இயந்திர வலுவிலும் கழிபொருளிலும் காணும் சிக்கனத்தோடு, தொழிலாளரின் வேலைச்சூழலைப் பலியிட்டுக் காணும் சிக்கனத்தையும் மார்க்ஸ் அங்கு தனித்துக் காட்டுகின்றார். எமது விறகுக் கொட்டகைக்கும் இது பொருந்தும். பிளந்து அடுக்கும் வேலைக்கு ஆளும் கூலியும் ஒதுக்கப்படாவிடின், மிச்சப்படும் விறகு உலைக்காரரின் முதுகிற் கூடுதற் சுமையாக ஏறும். ஒதுக்கப்படின், குறைந்த விறகை ஊட்டுவது அவரது வேலையை இலகுவாக்கும். எனவே, ஒரு கிலோ தேயிலைக்கு எத்தனை கிலோ விறகும் எத்தனை அலகு மின்சாரமும் செலவாகின்றன என்ற தொழிற்சாலைக் கணக்கை, அடுத்த கூலிப் பேச்சுவார்த்தையின்போது தொழிற்சங்கங்கள் மேசைமீது வைக்கக் கோருதல் வேண்டும்.