மாட்டிக்கொண்டால் போதுமா?

பழவேற்காடு ஏரிக்கரையில் இருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் மூங்கில் கழி அல்ல. கைப்பிடியைச் சுழற்றினால் நைலான் நரம்பைச் சுற்றி இழுத்துக்கொள்ளும் 'ஸ்பின்னிங் ரீல்' பூட்டிய தூண்டில்கள். ஒருவருடைய ரீலில் நரம்பு சுற்றும் உருளை, அதாவது ஸ்பூல், உடைந்துவிடுகிறது. நண்பரிடம் வேறொரு ரீலின் ஸ்பூல் உபரியாக இருக்கிறது. வாங்கி மாட்டுகிறார். அச்சில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது! ஆனால் சிறிது நேரத்திலேயே நரம்பு ஸ்பூலின் ஒரு முனையில் மட்டும் குவிகிறது. வீசும்போது சிக்கு விழுகிறது. ஏன்?

கைப்பிடியைச் சுழற்றும்போது ஸ்பூல் முன்னும் பின்னும் நகரும். நரம்பு சீராகப் படிவதற்காகவே இந்த ஏற்பாடு. இரண்டு ஸ்பூல்களிலும் துளையின் அளவு ஒன்றே. ஆனால் அச்சில் அவை உட்காரும் உயரம் சிறிதே வேறு. அனுபவசாலிகள் ஸ்பூலுக்கு அடியில் மெல்லிய வாஷர்களைப் போட்டு இதைச் சரிசெய்வார்கள்.

ஆக, ஓர் உதிரிப் பாகம் மாட்டிக்கொள்வது வேறு. மாற்றாக வேலை செய்வது வேறு. தூண்டிலில் போனது சில மீன்கள்தாம். எஞ்சினில் இதே தவறு நேர்ந்தால்?

பழவேற்காடு இருக்கும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் சுந்தரம் பாஸ்னர்ஸ் நிறுவனத்தின் ஆலை ஒன்று இருக்கிறது. அங்கே மோட்டார் வண்டிகளின் ரேடியேட்டர் மூடிகளைச் செய்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் மூடித் தயாரிப்பு இயந்திர வரிசையை விற்றபோது இந்நிறுவனம் அதை வாங்கியது. இங்கே செய்த மூடிகள் கடல் கடந்து அந்தக் கார்களுக்குப் போயின. மூடியைச் செய்தவர் காரைப் பார்த்ததில்லை. காரைச் செய்தவர் மூடி பிறந்த ஊரைப் பார்த்ததில்லை. ஆயினும் இரண்டும் பொருந்தின!

மூடிதானே என்று எண்ணிவிடாதீர்கள். உண்மையில் அது ஒரு வால்வு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். ரேடியேட்டருக்குள் அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் உயரும். மூடியில் உள்ள வில்சுருள் ஒரு ரப்பர் வளையத்தை ரேடியேட்டரின் கழுத்துக்குள் அழுத்திப் பிடிக்கிறது. மூடியின்மேல் 0.9 என்று பொறித்திருந்தால், வெளிக் காற்றைவிட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோகிராம் எடை அளவு அழுத்தம் மிகும்போதுதான் அது திறக்கும். அதுவரை தண்ணீர் 118 டிகிரியிலும் கொதிக்காது.

இனி ஒரு சிறு கணக்கு. ரப்பர் வளையம் மூடும் வாயின் பரப்பு 5 சதுர சென்டிமீட்டர் என்போம். அப்படியானால் வில்சுருள் தரவேண்டிய விசை 4.5 கிலோகிராம் எடை. அந்த விசையைத் தர அது 9 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும் என்றும் கொள்வோம். இப்போது இதே மூடியை, கழுத்து 3 மில்லிமீட்டர் கூடுதல் ஆழமான வேறொரு ரேடியேட்டரில் போடுகிறோம். வாயின் விட்டம் ஒன்றே. மூடி 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. ஆனால் சுருள் 6 மில்லிமீட்டர்தான் அமுங்குகிறது. வகுப்பில் படித்த ஹூக் விதி நினைவிருக்கிறதா? அமுக்கம் எவ்வளவோ அவ்வளவே விசை: 3 கிலோகிராம். மூடி 0.6லேயே திறந்துவிடும், தண்ணீரும் 113 டிகிரியிலேயே கொதிக்கும். மேலே பொறித்த 0.9 என்னும் எண் அந்த வண்டியைப் பொறுத்தவரை பொய்யாகிவிட்டது!

எனக்குத் தெரிந்த வேன் ஓட்டுநர் ஒருவர் இப்படித்தான் கடையில் கிடைத்த மூடி ஒன்றை வாங்கிப் போட்டார். மேட்டுச் சாலையில் சுமையோடு ஏறும்போதெல்லாம் எஞ்சின் கொதித்தது. தண்ணீர் பம்பைக்கூட மாற்றிப் பார்த்தார். மூடி இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று அதை மட்டும் யாரும் சந்தேகிக்கவில்லை.

எனவே மூடியின் விட்டம், உள் ஆழம், சுருளின் விசை ஆகிய ஒவ்வொன்றுக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை என இரண்டு குறிக்கிறார்கள். மிகச் சரியான அளவு என்று ஒன்றை எந்த இயந்திரமும் ஆயிரம் முறை தராது. எவ்வளவு பிசகலாம் என்று வரையறுப்பதே பொறியாளரின் வேலை. துளைகளைச் சோதிக்க ஓர் எளிய கருவி உண்டு. அதன் ஒரு முனை துளைக்குள் நுழைய வேண்டும், மறு முனை நுழையக்கூடாது. அளந்து எண்ணைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை.

இந்த எண்ணம் பழையது. 1785இல் பாரிசில் ஒனொரே பிளாங் என்ற துப்பாக்கிக் கம்மியர், ஐம்பது துப்பாக்கிப் பூட்டுகளின் பாகங்களைப் பிரித்து வைத்தார். அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் கைக்கு அகப்பட்ட பாகங்களை எடுத்துப் பல பூட்டுகளைத் தாமே கோத்துப் பார்த்து வியந்தார். அதுவரை ஒரு துப்பாக்கியின் பாகத்தை மற்றொன்றில் போட அரம் தேவைப்பட்டது.

உங்கள் தெருவில் நிற்கும் வண்டியின் மூடியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். இப்போதைய கார்கள் பலவற்றில் அது ரேடியேட்டரின்மேல் இராது. பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் தொட்டியின்மேல் திருகு மூடியாக இருக்கும். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். வண்டிக்கு உரியவரும் உடன் இருக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் அழுத்தம் சட்டென்று நீங்கி, 100 டிகிரியைத் தாண்டிய நீர் அந்தக் கணமே கொதித்து முகத்தில் பீறிடும்.