மாரியில் வாவியைச் சுற்றி

மழை இருட்டிக்கொண்டு வந்தால் வெளியே நிற்பவர்கள் வீட்டுக்கு ஓடுவதுதான் மட்டக்களப்பின் வழக்கம். இப்போது வீட்டில் இருப்பவர்கள் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிறார்கள், அதுவும் சோடி சோடியாக. மார்கழி ஞாயிறு ஒன்றில் கல்லடிப் பாலத்தடியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். ஒரே ரெயின்கோட்டுக்குள் இரண்டு பேர், பொலித்தீன் பைக்குள் கைபேசி, சாரல் முகத்தில் அடிக்க அடிக்கச் சிரிப்பு. எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் "சும்மா, மழை பாக்க" என்பார்கள். என் அம்மா இதைக் கேட்டால், "மழையில என்னத்த மனே பாக்கிற?" என்பா.

நானும் மனைவியும் அந்தக் கூட்டத்தில் சேர்த்திதான், வயதுதான் கொஞ்சம் கூட. நாங்கள் போகும் சுற்று பெரிதல்ல. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று கல்முனை வீதியில் தெற்கே இறங்குவோம். மண்முனைப் பாலத்தால் வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வழியே வடக்கே ஏறி, வவுணதீவால் வந்து வலையிறவுப் பாலத்தில் திரும்பவும் நகரத்துக்குள் நுழைவோம். சுமார் 56 கிலோமீற்றர் நீளமாகக் கிடக்கும் வாவியின் வடக்குப் பாதியைத்தான் இது சுற்றுகிறது. நின்று, நனைந்து, கடையில் பிளேன்டீ குடித்து, பாலத்தடியில் வலை வீசுகிறவரிடம் இறால் விலை கேட்டு வந்தாலும் பகல் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

அப்பாவும் அம்மாவும் இந்தச் சுற்றைச் சுற்றியதே இல்லை. நாங்கள் இருக்கும் கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து படுவான்கரைக்குப் போனால் போன வழியாலேயே திரும்புவார்கள். காரணம் இல்லாமல் போகவும் மாட்டார்கள். வெள்ளாமை, கோயில் நேர்த்தி, கல்யாணம், செத்தவீடு, இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். எங்களுக்கு மகிழடித்தீவுப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. பெரும்போகப் பயிர் மார்கழியில் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். வெள்ளம் ஏறினதா, வரம்பு உடைந்ததா என்று பார்க்க இருவருமாகப் புறப்படுவார்கள். எழுபதுகளில் கல்யாணம் முடித்த அவர்கள் இரண்டு பேரும் தனியாகப் போன பயணங்கள் என்றால் இவைதான். அதை உல்லாசம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அன்றைய பயணம் முழுவதும் மண்முனைத் துறையை நம்பித்தான். பாதை என்று நாங்கள் சொல்லும் அந்தத் தட்டையான மிதவையில் சைக்கிள் ஏறும், நெல் மூட்டை ஏறும், மாடு ஏறும், உழவு இயந்திரமும் ஏறும். மழையில் பலகை வழுக்கும். அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, நடுவில் போய் நிற்பா. ஓரத்தில் நின்றால் வாடைக்காற்று குடையைத் தலைகீழாகப் புரட்டிவிடும். குடை அப்பாவின் கையில். பாதி வாவியில் காற்று உரத்தால் குடையை மடக்கிவிட்டு இரண்டு பேரும் நனைவார்கள். பொட்டணத்தில் கட்டிய புட்டு மட்டும் நனையாமல் அம்மாவின் மடியில் இருக்கும். காற்றுக்கு அடங்கிப் பாதை ஓடாத நாட்களில் இந்தக் கரையில் நின்றால் வீட்டுக்குத் திரும்புவார்கள், அந்தக் கரையில் நின்றால் வயல் வாடியில் படுப்பார்கள். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளிக்குப் பிறகு அம்மா மாரி காலத்தில் வாடியில் தங்க ஒத்துக்கொண்டதே இல்லை. கூரை பறந்த இரவுக்கு நகரத்துக்காரி, வயற்காரி என்ற பேதம் இல்லை. அவ நகரத்து வீட்டிலேயே அதைக் கண்டவ.

பிறகு வந்த காலத்தில் வாவி எல்லையாயிற்று. எழுவான்கரை அரசாங்கத்தின் கையில், படுவான்கரை பெரும்பாலும் புலிகளின் கையில். துறையில் மழையோடு மழையாகச் சென்றியிலும் நிற்க வேண்டும். அடையாள அட்டை, பையைத் திறந்து காட்டு, பற்றரி இருக்கிறதா, யூரியா இருக்கிறதா. 1991 ஜூன் 12ஆம் திகதி மண்முனைத் துறையடியில் குண்டு வெடித்து இரண்டு படையினர் இறந்தார்கள். அதற்குப் பழியாக மகிழடித்தீவிலும் அயலிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். பின்னர் விசாரித்த ஆணைக்குழு 67 பேர் என்று கணக்கிட்டது. எங்கள் வயல் அதன் பிறகு பல வருடம் தரிசாகக் கிடந்தது. அந்தக் கரைக்குக் கணவனும் மனைவியுமாக மழை பார்க்கப் போவது என்பது எவருடைய கற்பனையிலும் இருந்திருக்காது. 2007இல் படுவான்கரை முழுவதும் படையினரின் கைக்கு வந்தது. அதற்குப் பிறகுகூட வவுணதீவு வழியாகப் போக எங்களுக்குக் கொஞ்சக் காலம் தயக்கம் இருந்தது.

பாலங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1924இல் கட்டிய கல்லடி லேடி மானிங் பாலம் ஒடுக்கமான இரும்புப் பாலம். அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை இந்தப் பக்கம் வரிசையில் நிற்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே அகலமான புதுப் பாலம் 2013 மார்ச்சில் திறந்தது. ஜப்பானிய உதவியோடு கட்டிய மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில் திறந்தது. வடக்கே திருகோணமலை வீதியில் வெருகல், உப்பாறு, கங்கை என்று ஒவ்வொரு துறையிலும் இறங்கி ஏறிய பயணத்தையும் 2011இல் பாலங்கள் முடித்துவைத்தன. அம்மாவை முதன்முதல் மண்முனைப் பாலத்தால் காரில் கூட்டிக்கொண்டு போனபோது நல்ல மழை. கண்ணாடி வைப்பர் நாலைந்து தரம் ஆடியிருக்கும், அக்கரை வந்துவிட்டது. "முடிஞ்சா?" என்று கேட்டா. மறுகா, "நிப்பாட்டு மனே, பாத்துப்போட்டுப் போவம்" என்றா. நனைந்துகொண்டே கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று பழைய துறை இருந்த பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தா. வாழ்க்கையிலேயே அவ காரணம் இல்லாமல் மழையில் நின்றது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பாதையில் போன காலம் நல்லது என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இராத்திரியில் நோக் கண்ட பெண் விடியும்வரை துறையில் காத்திருந்த கதை படுவான்கரையில் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. 2021 நவம்பர் 23ஆம் திகதி, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாததால் ஓடவிட்டிருந்த பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் செத்தார்கள். துறைக்கு அழகு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகைப் பாலத்தில் நின்றுகொண்டு நினைப்பதுதான் பத்திரம்.

மழை பார்க்கும் சோடிகளின் இன்றைய யாத்திரைத் தலம் உன்னிச்சைக் குளம். வான் கதவு திறந்துவிட்டார்கள் என்று முகநூலில் ஒரு படம் வந்தால் போதும், நகரத்திலிருந்து வரிசையாகக் கிளம்பிவிடுவார்கள். நாங்களும் சுற்றை நீட்டி, வவுணதீவிலிருந்து மேற்கே திரும்பிப் போனதுண்டு. வானால் விழும் தண்ணீரின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிற மனிசி பேசுவது கேட்காது. செல்பி எடுக்க இடம் பிடிக்க வேண்டும். ஒரு முறை, சோளம் அவித்து விற்ற அம்மா ஒருவரிடம் மனைவி, "நல்ல வடிவா இருக்கு என்ன" என்று சொல்ல, அவர் பதில் சொல்லாமல் மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தார். பிறகு ஆயித்தியமலைப் பக்கம் கையைக் காட்டி, "எங்கட வெள்ளாமை அதுக்குள்ளதான் கிடக்கு" என்றார்.

குளத்தால் பாய்கிற தண்ணீர் தாழ்வான வயல்களை மூடிக்கொண்டு வாவிக்கு வரும். வாவிக்குக் கடலோடு வாய் இரண்டு: பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரம் ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் மற்றது. கோடையில் மணல் அடைத்த வாய் மாரி தொடங்கியும் திறக்காவிட்டால் வெள்ளம் போக வழியில்லாமல் வயலிலேயே தேங்கும். அன்று ஊர் கூடி மண்வெட்டியால் வெட்டிய ஆற்றுவாயை இன்று பெக்கோ வந்து வெட்டுகிறது. எப்போது வெட்டுவது என்ற சண்டை மட்டும் அன்று போலவே இன்றும். வயற்காரருக்கு வெள்ளம் சீக்கிரம் வடிய வேண்டும். மீன்பிடிகாரருக்கு வாவி அவசரப்பட்டு வற்றக்கூடாது. 2011 ஜனவரி வெள்ளத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்தே மூழ்கியது. எழுவான்கரையில் வீட்டு மேல்மாடியில் நின்று மழை இரசிக்கிற நமக்கு இந்தக் கணக்கு தெரியாது. தெரிந்துகொண்டு இரசித்தால் குடிமுழுகிப் போகாது என்பது என் அபிப்பிராயம்.

வாவியின் தென்பாதியைச் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அங்கே களுவாஞ்சிகுடிக்கு அருகே குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகிறவர்கள் மண்முனைப் பாலம் வந்து வருடக்கணக்கான பிறகும் பாதையில்தான் ஏறினார்கள். மாரி வெள்ளத்தில் வீதிகளையும் முழுதாக நம்ப முடியாது. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு மாவடிப்பள்ளி வீதியைக் குறுக்கறுத்த வெள்ளம், மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை உழவு இயந்திரப் பெட்டியோடு இழுத்துப்போனது. தார் வீதிதானே என்று எண்ணி ஏறிய வீதி அது. வீதியில் தண்ணீர் ஓடினால் மோட்டார் சைக்கிளைத் திருப்புவதில் வெட்கம் வேண்டாம். மனிசி ஏசினாலும் பரவாயில்லை.

உன்னிச்சைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். மழைநாளில் வீதிதான் காய்ந்த மேட்டு நிலம் என்று மாடுகள் அதிலேயே படுத்துக் கிடக்கும். ஹோர்னுக்கு எழும்பாது, இறங்கிப் போய்த்தான் விரட்ட வேண்டும். ஆகவே பின்னேரம் நாலு மணிக்குள் திரும்பிவிடுங்கள். பொழுது பட்டால் வீதியில் நிற்பது மாடு இல்லை, யானை. அதை விரட்ட எவரும் இறங்க மாட்டார்கள்.