மூழ்கியவர்களின் படங்கள் எங்கே?

பரிஸ் மாநகரின் இரண்டாம் வட்டாரத்திலே, 1629 ஆம் ஆண்டு பதின்மூன்றாம் லூயி மன்னன் அடிக்கல் நாட்டிய 'வெற்றிகளின் அன்னை' தேவாலயம் அமைந்துள்ளது. அதன் உட்சுவர்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு சலவைக்கற் பலகைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நன்றியறிதல். வேண்டியது கிடைத்தது என்று வேண்டியவர் கல்லிலே பொறித்து வைத்த சாட்சி. நல்லூரிலும் சந்நிதியிலும் காவடியும் அங்கப்பிரதட்டையும் எதைச் சொல்கின்றனவோ, அதையே இக்கற்களும் சொல்கின்றன.

அச்சுவரின் முன்னே நின்ற ஒரு மழைநாளில், டயாகொரஸ் என்னும் பழைய கிரேக்க நாத்திகன் எமது நினைவுக்கு வந்தான். கி.மு. 45 இல் தேவர்களின் இயல்பு பற்றி நூலெழுதிய உரோம அறிஞர் சிசெரோ அவனுடைய கதையைப் பதிவு செய்திருக்கிறார். சமொத்திராக்கி தீவின் கோவிலிலே, கடற்புயலில் தப்பியவர்கள் காணிக்கையாக வைத்த ஓவியங்களை நண்பர் ஒருவர் டயாகொரசுக்குக் காட்டி, தெய்வங்கள் மனிதரைப் பொருட்படுத்துவதில்லை என்று இனியும் கூறுவாயா எனக் கேட்டாராம். மன்றாடியும் மூழ்கிப்போனவர்களின் படங்களை எங்கும் வரைந்து வைக்கவில்லையே என்பது அவன் கொடுத்த பதில். இன்னொருமுறை அவன் சென்ற கப்பல் புயலில் அகப்பட்டது. நாத்திகனை ஏற்றியதால்தான் இந்தக் கதி என்று மாலுமிகள் முறையிட்டனர். அதே புயலில் தத்தளித்த மற்றைய கப்பல்களைச் சுட்டிக்காட்டி, அவற்றிலும் ஒவ்வொரு டயாகொரஸ் இருக்கிறானோ என்று அவன் கேட்டதாகவும் சிசெரோ எழுதுகிறார்.

இந்தக் கதைகளை ஒருகாலத்தில் விரிவுரை மண்டபத்தில் மாணவர்களைச் சிரிக்க வைப்பதற்காக நாம் கூறியதுண்டு. 2011 ஆம் ஆண்டின் பின்னர் இதில் எமக்குச் சிரிப்பு வருவதில்லை.

அந்த ஆண்டு இந்நகரின் புறநகர் ஒன்றில், ஓர் அறையில் நாம் இருவர் வசித்தோம். மற்றவர் வன்னியைச் சேர்ந்தவர். எம்மிலும் ஆறு வயது இளையவர். இருவரது வழக்கும் ஒரே அலுவலகத்தில், ஏறத்தாழ ஒரே காலத்தில் விசாரணைக்கு வந்தன. எமது தாயார் செல்வச்சந்நிதி முருகனுக்கு அன்னதானம் செய்வதாக நேர்ந்திருந்தார். அவருடைய தாயார் கந்தசஷ்டி ஆறு நாட்களும் நீர் மட்டும் அருந்தி நோன்பிருந்தார். அவர் தாமும் பக்தர். வெள்ளிக்கிழமை தவறாமல் லாச்சப்பல் பிள்ளையார் கோவிலுக்குச் செல்பவர். நாமோ கோவில் வாசலில் அவருக்காகக் காத்து நின்று பத்திரிகை படிப்பவர். பதிவுத்தபாலில் கடிதங்கள் வந்தன. எமக்கு அகதி அந்தஸ்து வழங்கப்பட்டது. அவரது கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அவரது உடலிலே செல்துண்டுகள் இருந்தன. எமது கோப்பிலோ பத்திரிகைக் கத்தரிப்புகளே இருந்தன. கத்தரிப்புகளுக்கு மொழிபெயர்ப்பும் முத்திரையும் இருந்தன என்பது வேறுபாடு.

அன்றிரவு தாயாருக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னோம். "சந்நிதியான் எங்களைக் கைவிடேல்லைத் தம்பி" என்று அழுதார். அதே அறையில், சுவர்ப்பக்கம் திரும்பி அவர் படுத்திருந்தார். "ஓமம்மா" என்பதைத் தவிர எம்மால் வேறெதுவும் கூற இயலவில்லை.

பிரார்த்தனை பலிக்கிறதா என்ற வினாவைக் கணக்கெடுத்துப் பார்க்க முனைந்தவர்களும் உளர். இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ற்றன் 1872 ஆம் ஆண்டு இதைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மன்னர் நீடூழி வாழவேண்டும் என்று அந்நாட்டின் தேவாலயங்கள் அனைத்திலும் மன்றாடுகிறார்கள். ஆகவே உலகில் அதிகமாகப் பிரார்த்திக்கப்படுபவர்கள் அரச குடும்பத்தினரே. அவர்கள் நீண்டகாலம் வாழ்ந்தார்களா என்று அவர் பார்த்தார். முப்பது வயதைக் கடந்து வாழ்ந்தோரை மட்டும் எடுத்து, விபத்து மரணங்களை நீக்கிய அட்டவணையில் அரச குடும்பத்தினரின் சராசரி ஆயுள் 64.04 ஆண்டுகள். மதகுருமாருக்கு 69.49, நிலவுடைமைக் கனவான்களுக்கு 70.22. வசதி படைத்த வகுப்பினர் அனைவரிலும் அரசர்களே கடைசியில் நின்றனர். இக்கணக்கில் குறும்பு அதிகம் என்பதை நாமும் ஒப்புக்கொள்வோம். வழக்கத்துக்காக உச்சரிக்கப்படும் வாழ்த்து உண்மையான மன்றாட்டு அல்லவென்று எவரும் மறுக்கலாம். ஆனால் அதே கட்டுரையில் அவர் கூறிய மற்றொரு செய்திக்கு மறுமொழி எளிதன்று: ஆயுட்காப்புறுதி நிறுவனங்கள் ஒருவரின் நோய்களையும் தொழிலையும் துருவி விசாரிக்கின்றன, அவர் செபிப்பவரா என்று மாத்திரம் கேட்பதில்லை. இலாபத்தில் கண்ணாயிருக்கும் வியாபாரி, பலன் தருகின்ற ஒன்றைக் கணக்கில் எடுக்காமல் விடுவானா?

எமது காலத்திலே இதைவிடக் கடுமையான பரிசோதனை அமெரிக்காவில் நடந்தது. இருதய வைத்தியர் ஹேர்பேட் பென்சன் தலைமையிலான குழுவினர், ஆறு வைத்தியசாலைகளில் இருதய பைபாஸ் சத்திரசிகிச்சை பெற்ற 1802 பேரை மூன்று பிரிவுகளாக்கினர். பென்சன் சமயத்தின் பகைவர் அல்லர். செலவின் பெரும்பகுதியை ஏற்ற ரெம்பிள்ற்றன் நிறுவனமும் அத்தகையதன்று. முதற்பிரிவினருக்காக கிறிஸ்தவ செபக் குழுவினர் பதினான்கு நாட்கள் மன்றாடினர். இரண்டாம் பிரிவினருக்காக அவர்கள் மன்றாடவில்லை. இவ்விரு பிரிவினருக்கும் தாம் எதில் உள்ளோம் என்பது தெரியாது. மூன்றாம் பிரிவினருக்காகவும் மன்றாடினர். அதை அவர்களுக்குத் தெரிவிக்கவும் செய்தனர். 2006 இல் முடிவுகள் வெளியாகின. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய சிக்கல்கள் முதற்பிரிவில் நூற்றுக்கு 52 பேருக்கும், இரண்டாம் பிரிவில் 51 பேருக்கும் ஏற்பட்டன. வித்தியாசம் இல்லை என்றே இதற்குப் பொருள். தமக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என அறிந்திருந்த மூன்றாம் பிரிவிலோ 59 பேர். எனக்காகச் செபக் குழுவையே கூட்டும் அளவுக்கு என் நிலைமை மோசமோ என்ற அச்சம் காரணமாகலாம் எனச் சிலர் ஊகித்தனர். தற்செயலாகவும் இருக்கலாம். பிரார்த்தனை தீங்கு செய்யும் என்று இதைக்கொண்டு வாதிட நாம் வரவில்லை.

இறைவனைச் சோதிக்கலாகாது என்பது ஆன்மீகவாதிகளின் பதில். அது கண்ணியமான பதில்தான். ஆனால் நேர்த்தி என்பதே ஓர் உடன்படிக்கை அல்லவா? ஹைதராபாத் நகருக்கு அண்மையில் சில்கூர் என்னுமிடத்தில் பாலாஜி கோவிலொன்று உண்டு. அவரை 'விசா பாலாஜி' என்றே மக்கள் அழைக்கின்றனர். வேண்டுதலின்போது 11 சுற்று. விசா கிடைத்தபின் வந்து 108 சுற்று. கொடுத்தால்தான் மிகுதி என்று எழுதப்படாத ஒப்பந்தத்தில், கொடுக்காதவிடத்து என்ன பொருள் என்று கேட்பது மட்டும் சோதனையாகிவிடுகிறது. கிடைக்காதவர் மீண்டும் வந்து சுற்றுவதில்லை. ஆகவே எவரது கண்ணிலும் படுவதில்லை.

அப்படியாயின் மக்கள் ஏன் மன்றாடுகிறார்கள்? அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் பகுத்தறிவாளரோடு எமக்கு உடன்பாடு இல்லை. மானிடவியலறிஞர் மலினோவ்ஸ்கி, முதலாம் உலகப்போர்க் காலத்தில் பசிபிக்கின் ட்ரோபிரியாண்ட் தீவுகளில் வாழ்ந்து ஆராய்ந்தவர். அவர் 1925 இல் எழுதியதை எமது கடற்றொழிலாளர்கள் உடனே விளங்கிக்கொள்வர். கரையோரக் களப்பில் மீன் பிடிக்கையில் அத்தீவினர் மந்திரம் எதுவும் செய்வதில்லை. அங்கே ஆபத்து இல்லை, பாடு நிச்சயம். ஆழ்கடலுக்குச் செல்லும்போதுதான் மந்திரமும் சடங்கும் விரிவாக நடைபெறுகின்றன. அவர்களுக்குக் காற்றும் நீரோட்டமும் நன்கு தெரியும். வள்ளம் கட்டுவதில் வல்லவர்கள். தமது திறமை எங்கே முடிகிறதோ, அங்கிருந்துதான் அவர்கள் மந்திரத்தைத் தொடங்கினர்.

இதற்குத் துணையாக இன்னுமோர் ஆய்வு உண்டு. 2006 இல் லெபனானுடனான போரின்போது ரொக்கட் வீச்சுக்குள்ளான வட இஸ்ரேலின் யூதப் பெண்களை, ரிச்சர்ட் சோசிஸ் என்னும் மானிடவியலாளர் ஆராய்ந்தார். போர் வலயத்திலேயே தங்கிச் சங்கீதங்களை ஓதிய பெண்களிடம் பதற்றம் குறைவாகக் காணப்பட்டது. இடம்பெயர்ந்து பாதுகாப்பான பகுதிக்குச் சென்ற பெண்களிடம் ஓதுதலால் அத்தகைய வேறுபாடு தோன்றவில்லை. அவர்களை வருத்தியவை தங்குமிடம், பிள்ளைகள், பணம் போன்ற, கையால் ஏதாவது செய்து தீர்க்கக்கூடிய கவலைகள். எல்லைக்கு அப்பால் லெபனானில் குண்டுகளின் கீழிருந்த தாய்மாரும் அதே வேளையில் மன்றாடித்தான் இருப்பார்கள். ரொக்கட்டும் குண்டும் விழுந்த இடங்களில் விழுந்தன. ஓதியவரின் நெஞ்சு சற்றே ஆறியது. பிரார்த்தனையால் ஆவது இவ்வளவே என்பது எமது துணிபு. இவ்வளவும் சிறிதன்று.

நாமும் இதற்கு விலக்கல்ல. 1995 இல், பதுங்குகுழியில் முழங்காலில் தலைபுதைத்துக் கிடந்த ஒரு பிற்பகலில், விமானத்தின் இரைச்சல் தாழ்ந்து வந்தபோது எமது வாயிலிருந்து வந்த சொல் "முருகா" என்பதே. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, கோவூரின் நூல்களைப் படித்து, கடவுள் இல்லையென்று வீட்டில் அறிவித்திருந்தோம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த அதே ஆபிரகாம் கோவூர்தான். அவரிடம் வேதாகமப் பாடத்தை ஒப்படைத்தபோது மாணவர் அனைவரும் சித்தியடைந்தனர், விசுவாசத்தைத்தான் இழந்தனர் என்று ஒரு கதை சொல்வார்கள். அவர் குழிக்குள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பின்னர் பலமுறை எண்ணியதுண்டு.

அதே ஆண்டு ஜூலை 9 ஆம் நாள் நவாலியில் நடந்ததை இவ்விடத்தில் குறிப்பிடாமலிருக்க முடியாது. கோவில்களிலும் தேவாலயங்களிலும் தஞ்சமடையுமாறு கூறும் துண்டுப்பிரசுரங்கள் வானிலிருந்து போடப்பட்டிருந்தன. இடம்பெயர்ந்த மக்கள் புனித பேதுருவானவர் தேவாலயத்திலும் அயலிலுள்ள முருகன் கோவிலிலும் கூடினர். விமானப்படையின் குண்டுகள் அங்கேயே விழுந்தன. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். "பிரார்த்தனைதான் எங்களைக் காப்பாற்றியது" என்று இங்கே ஒருவர் மேடையில் கூறும்பொழுது, நவாலியில் இறந்த பிள்ளைகள் போதியளவு பிரார்த்திக்கவில்லை என்றும் அவர் கூறிவிடுகிறார். அவர் அதைக் கருதிக் கூறுவதில்லை. கேட்கும் தாய்மாரில் சிலருக்கு அது அப்படித்தான் கேட்கிறது.

இன்னொன்றையும் அகதிக் கோரிக்கையாளர்களுக்குச் சொல்லியாகவேண்டும். பிரான்சில் நிராகரிப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து மேன்முறையீட்டுக்கு ஒரு மாத அவகாசமே உண்டு. மண்டல விரதமோ 48 நாட்கள். விரதம் முடிந்தபின் சட்டத்தரணியைத் தேடிச் சென்ற ஒருவரை நாம் அறிவோம். அவர் ஆழ்கடலென்று எண்ணிய இடம் களப்பாகத்தான் இருந்தது. விரதம் இருப்பவர் இருக்கட்டும். ஆனால் கடிதத்தின் உறையை எறியாமல், திகதியைப் பார்த்து, முதல் வாரத்திலேயே சட்டத்தரணியிடம் செல்லட்டும்.

எமது அறைத்தோழர் மேன்முறையீட்டிலும் தோற்று, வேறொரு நாட்டுக்குச் சென்றுவிட்டார். சில ஆண்டுகள் தொடர்பிருந்தது. பின்னர் அவரது தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. சென்ற மாதம் எமது தாயாரிடம் பேசும்போது அவரைப்பற்றி விசாரித்தார். வெள்ளிதோறும் அவனுடைய பெயருக்கும் சேர்த்தே அருச்சனை செய்விப்பதாகச் சொன்னார். நட்சத்திரம் தெரியாததால் பெயரை மட்டும் ஐயரிடம் சொல்வாராம். "இந்த முறை அன்னதானத்துக்கு நூறு பேருக்குச் சமைக்க வேணும், அரிசி விலை ஏறிப்போச்சு" என்றார்.

மறுநாள் லாச்சப்பலில் காசு அனுப்பும் கடைக்குச் சென்று பணம் அனுப்பினோம். படிவத்தில் 'அனுப்புவதன் காரணம்' என்று ஒரு கோடு இருந்தது. குடும்பச் செலவு என்று எழுதினோம்.