ஓநாய் பிடித்த கம்பு

விளையாட்டுக் கணக்கு: பகுதி 9

போன வாரம் சோர்சரஸுக்கு பில்டு போட்டோம், அதாவது புள்ளிகளை எதில் எவ்வளவு போடுவது என்ற திட்டம். எட்ட நின்று நெருப்பும் பனியும் எறிகிறவள் அவள்; எதிரி பக்கத்தில் வந்துவிட்டால் பிழைப்பு கஷ்டம். இந்த வாரத்து ஆள் நேர்மாறு. எதிரியின் மூச்சு முகத்தில் படுகிற தூரத்துக்குப் போனால்தான் இவனுக்கு வேலையே ஆரம்பிக்கும். மெலீ என்று ஆட்டக்காரர்கள் சொல்வது இதைத்தான். எங்கள் வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ படித்தவர்களுக்கு அந்தத் தூரம் எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. திமிலில் கை போட்டவனுக்கும் கொம்புக்கும் நடுவே பேச்சுவார்த்தைக்கு இடம் கிடையாது.

2000-இல் பிளிஸார்ட் நிறுவனம் ‘டையப்லோ 2’ ஆட்டத்தை வெளியிட்டது. அடுத்த ஆண்டு ‘லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’ என்ற விரிவாக்கம் வந்தபோது அதில் இரண்டு புது ஆட்கள் சேர்ந்தார்கள். ஒருத்தி அசாசின், இன்னொருவன் ட்ரூயிட். காட்டு மனிதன். இவனுக்கு மூன்று வித்தைகள்: இயற்கைச் சீற்றத்தை ஏவலாம், மிருகங்களையும் ஆவிகளையும் துணைக்குக் கூப்பிடலாம், இல்லையென்றால் தானே ஓநாயாகவோ கரடியாகவோ மாறலாம். முதலிரண்டில் பிழைப்பது சுலபம். மூன்றாவதை எடுக்கிறவர்கள் பிடிவாதக்காரர்கள். நமக்கு அவர்கள்தான் வேண்டும்.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். உச்ச லெவல் 99. ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஒரு ஸ்கில் பாயின்ட். கதையில் சில வேலைகளை முடித்தால் மொத்தம் 12 இனாம். ஆக 110. ஒரு வித்தையில் அதிகபட்சம் 20 போடலாம். இது ஏட்டுக் கணக்கு. 99-ஐத் தொடுகிறவர்கள் அபூர்வம், குடும்பம் குட்டி உள்ளவர்கள் 85-இல் நிறுத்திக்கொள்வார்கள். அப்போது கையில் 96 புள்ளி.

ஓநாய்க்கு வழக்கமான பங்கீடு இது: வேர்வுல்ஃப் 20, லைகான்த்ரபி 20, ஃபியூரி 20, துணைக்கு வரும் ஆவி ஒன்றில் 20. ஃபியூரிக்கு வாசல் திறக்க ஃபெரல் ரேஜிலும் ரேபிஸிலும் ஒவ்வொன்று. 82 போச்சு. பலம், உயிர், எனர்ஜி இவற்றுக்கான புள்ளிகள் தனிக் கணக்கு. பலத்தைப் பொறுத்தவரை, போட்டிருக்கும் கவசத்தையும் ஆயுதத்தையும் தூக்கத் தேவையான அளவு போதும். மிச்சம் அத்தனையும் உயிருக்கு. எனர்ஜியில் ஒன்றுகூட வேண்டாம்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த பிறகும் அடி வாங்கி வருகிறவர்கள் உண்டு. பழைய வத்தலக்குண்டுத் தம்பி ஒருவன் 2021-இல் வந்த புதுப்பதிப்பை லேப்டாப்பில் ஆடுகிறான். இரண்டாம் சுற்றில், அதாவது நைட்மேரில், டூரியலிடம் மாட்டிக்கொண்டான். டூரியல் இருப்பது கல்லறைக்குள் ஒரு குறுகலான அறை. ஓடி ஒளிய இடமில்லை. போதாக்குறைக்கு அவனைச் சுற்றி ஒரு குளிர் வளையம் இருக்கிறது. அருகில் போனால் நம் நடையும் கையும் மந்தமாகிவிடும்.

“அண்ணே, ஓநாய் அடிக்கவே மாட்டேங்குதுண்ணே. கையத் தூக்குறதுக்குள்ள அவன் ரெண்டு போட்டுர்றான்.”

“கையில என்னடா வச்சிருக்க?”

“பெரிய சம்மட்டிண்ணே. டேமேஜ் அதுலதான் ஜாஸ்தி. ஓநாயா மாறினா நகம் வந்துருதுல்ல, ஆயுதம் எதுவா இருந்தா என்னண்ணே?”

“நகம் படத்துலதான் தம்பி. அடிக்கிறது சம்மட்டி.”

இந்த பில்டின் உயிர்நாடி இதுதான். மனிதன் ஓநாயானதும் கையிலிருந்த ஆயுதம் திரையிலிருந்து மறைந்துவிடும். வெறும் நகத்தால் கீறுவது மாதிரிதான் தெரியும். ஆனால் ஒவ்வொரு கீறலின் டேமேஜும் மறைந்துபோன அந்த ஆயுதத்திலிருந்து எடுக்கப்படுகிறது. வேகமும் அப்படியே. ஓநாய் உருவம் தன் பங்குக்குக் கொஞ்சம் வேகம் சேர்க்கும், உண்மைதான். ஆனால் சம்மட்டி பிடித்த ஓநாய் சம்மட்டிக்காரனின் மந்தத்தோடுதான் கையை ஓங்கும்.

அந்த வேகம் சீராக ஏறுவதும் இல்லை. ஆட்டம் ஒரு விநாடியை 25 ஃபிரேமாகப் பிரிக்கிறது. ஒரு அடிக்கு இத்தனை ஃபிரேம் என்பது எப்போதும் முழு எண். ஏழரை ஃபிரேம் அடி என்று ஒன்று கிடையாது. அதனால் வேகம் தரும் பொருளை மாட்டியும் ஒரு முழு ஃபிரேம் குறையவில்லை என்றால், அதை மாட்டியதும் மாட்டாததும் ஒன்றுதான். குறைகிற அந்த இடத்தை ஆட்டக்காரர்கள் பிரேக்பாயின்ட் என்பார்கள். ஓநாய்க்காரர்கள் துரத்துவது 4 ஃபிரேமுக்கு ஒரு அடி. விநாடிக்கு ஆறுக்கு மேல். பழைய பதிப்பில் இன்னொரு வம்பு: கையுறையில் இருக்கிற வேகம் மிருக உருவத்தில் பெரிதாக எடுபடாது. வேகம் ஆயுதத்திலேயே பதிந்திருக்க வேண்டும்.

தம்பியின் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். அடியில் ரிப்கிராக்கர் கிடந்தது. விலா எலும்பை நொறுக்குவது என்று பெயர், பார்க்க வெறும் கம்பு. டேமேஜ் எண்ணைப் பார்த்துவிட்டு ஓரங்கட்டியிருக்கிறான். அந்தக் கம்பில் 50 சதவீத வேகம் ஏற்கெனவே உண்டு. ஐந்தாம் பாகத்தில் லார்சுக் என்ற கொல்லனுக்கு வேலை செய்து கொடுத்தால் அவன் ஒரு துளை போட்டுத் தருவான். அதில் ஷேல் என்ற கல்லைப் பதித்தால் இன்னும் 20. இது போக, விழுகிற அடிகளில் பாதி ‘கிரஷிங் ப்ளோ’ ஆகும்: சாதாரண எதிரியிடம் மிச்சமிருக்கும் உயிரில் கால்வாசி அப்படியே போய்விடும். டூரியல் மாதிரி பெரிய ஆட்களிடம் பங்கு குறையும், என்றாலும் வலிக்கும். ஃபியூரியோ ஒருமுறை அமுக்கினால் ஐந்து அடி வரை தொடர்ந்து விழுகிற வித்தை. அடிக்கடி விழுகிற சின்ன அடி, எப்போதாவது விழுகிற பெரிய அடியைத் தின்றுவிடும்.

அன்று ராத்திரியே டூரியல் விழுந்தான்.

ஃபியூரிக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. உயிர் இறங்குகிறது, ஓடலாம் என்று நீங்கள் முடிவெடுத்திருப்பீர்கள். ஓநாய் மிச்ச அடிகளை முடித்துவிட்டுத்தான் உங்கள் பேச்சைக் கேட்கும். அதனால்தான் உயிரைக் கொழுக்கவைக்க வேண்டியிருக்கிறது. லைகான்த்ரபியில் 20 புள்ளி போட்டால் உயிர் 115 சதவீதம் கூடும், உருவமும் நீண்ட நேரம் நிற்கும். அது இல்லாவிட்டால் 40 விநாடிதான். சண்டைக்கு நடுவில் திடீரென்று மனிதனாகி நிற்பீர்கள். ஓக் சேஜ் என்ற ஆவியும் உயிரைக் கூட்டும். ஆனால் பாவம், மிதந்துகொண்டே போய்ச் செத்துவைக்கும். அதற்குப் பதில் ஹார்ட் ஆஃப் உல்வரினை வைத்துக்கொண்டு டேமேஜைக் கூட்டுகிறவர்களும் உண்டு. இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள ஆட்டம் விடாது.

கரடியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டேமேஜும் தற்காப்பும் கூடும், எதிரியைக் கிறங்கடிக்கும், ஆனால் மெதுவு. எனக்குப் பொறுமை இல்லை.

2023-இல் வந்த ‘டையப்லோ 4’-இல் இந்தச் சிரமமெல்லாம் இல்லை. கரடிக்குரிய வித்தையை அமுக்கினால் அந்த நொடியில் கரடி, ஓநாய் வித்தையை அமுக்கினால் ஓநாய். காலக்கெடு கிடையாது. ‘டெம்பெஸ்ட் ரோர்’ என்ற தலைக்கவசம் கிடைத்துவிட்டால் புயல் வித்தைகளே ஓநாய் வித்தைகளாகிவிடும். அழகாகத்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால், மாறுவதற்கு முன்னால் என்ன எடுத்துப் போகிறோம் என்று யோசிக்கவைத்தது பழைய ஆட்டம்தான். புதியதில் உருவம் சட்டை மாதிரி வந்து போகிறது.

தம்பி இப்போது மூன்றாம் சுற்றான ஹெல்லுக்குள் நுழைந்திருக்கிறான். அங்கே சில எதிரிகள் மேல் ஆயுத அடி இறங்கவே இறங்காது. கம்பும் ஃபியூரியும் வேலைக்கு ஆகாது. அதற்கு மருந்து ரேபிஸ். ஒருவனைக் கடித்தால் விஷம் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஒட்டிக்கொள்ளும். அது உறைக்க வேண்டுமென்றால் ரேபிஸில் 20, அதற்கு வலு சேர்க்கும் பாய்சன் க்ரீப்பரில் 20. இவற்றோடு வேர்வுல்ஃப், லைகான்த்ரபி, ஃபியூரி மூன்றுக்கும் 60, ஃபெரல் ரேஜுக்கு ஒன்று. மொத்தம் 101. ஓக் சேஜுக்கு ஒரு புள்ளிகூட ஒதுக்காமலே, 85-ஆம் லெவலில் ஐந்து புள்ளி இடிக்கிறது. லைகான்த்ரபியில் குறை என்கிறேன் நான். ஃபியூரியின் ஐந்து அடி நாலாவது புள்ளியிலேயே வந்துவிடுகிறதே, அதில் குறைக்கிறேன் என்கிறான் அவன். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அடுத்த வாரம் இரண்டையும் போட்டுப் பார்ப்போம்.

(தொடரும்)