கட்சிக்காரருக்குப் புரியாத கோர்ட்டு

நாகர்கோவில் கோர்ட்டு வராந்தாவில் சென்ற வாரம் ஒரு பெரியவரைக் கண்டோம். தோவாளைப் பக்கத்து விவசாயி. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் மஞ்சள் துணி. துணிக்குள் நான்காக மடித்த ஒரு பழைய பத்திரம். அவருடைய பாட்டனார் பேரில் சமஸ்தான காலத்தில் பதிவானது. எழுதியிருப்பது மலையாளத்தில். பேரனாகிய பெரியவருக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. உடன் வந்த அவருடைய மகன் எஞ்சினீயரிங் படித்தவர்; அவருக்கும் தெரியாது. அதைப் படித்துச் சொல்லக்கூடிய ஒரு முதிய குமாஸ்தாவைத் தேடித் தந்தையும் மகனும் மூன்றாவது தடவையாக வந்திருந்தார்கள். குமாஸ்தாவுக்கு உடம்பு சுகமில்லை என்று கூறி அன்றும் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள்.

இந்த நிலைமை எப்படி நேர்ந்தது என்பது நமது நேயர்கள் அறிந்ததே. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை மலையாள ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தன. அலுவல் பாஷை மலையாளம். தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது; அதன் தலைவர் நேசமணி இதே நாகர்கோவில் கோர்ட்டில் வாதாடிய வக்கீல். 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானோர் தமிழுக்காகவே உயிர் துறந்தனர். இரண்டு ஆண்டுகளில் சர்க்கார் மாறியது. ஆனால் ஜனங்களின் பெட்டிகளில் இருந்த பத்திரங்கள் மாறவில்லை.

அவை அங்கேயே உறங்கிக் கிடந்தவரை ஒருவருக்கும் கஷ்டமில்லை. பேச்சிப்பாறை அணையின் தண்ணீரை 1906 முதல் குடித்து வளர்ந்த நஞ்சைகள் இன்று வீட்டு மனைகளாகின்றன. நாகர்கோவில் 2019-இல் மாநகராட்சியாயிற்று. நாற்கரச் சாலைக்கு நிலம் எடுத்தார்கள். மனை வாங்குகிறவன் மூலப்பத்திரம் கேட்கிறான். கடன் கொடுக்கிற பாங்கியும் கேட்கிறது. சென்ட் ஒன்றுக்கு விலை ஏற ஏற, பாட்டன் காலத்துப் பத்திரம் பெட்டியிலிருந்து வெளியே வருகிறது.

வெளியே வந்ததும் முதல் சிக்கல் தேதியில். 1101 மகரம் என்று எழுதியிருக்கும். கொல்லம் ஆண்டு சிங்க மாதம், அதாவது நமது ஆவணியில் பிறப்பது. ஆகவே மகரத்துக்கு 825-ஐக் கூட்டினால் 1926 என்று வரும். சிங்கத்துக்கோ 824-ஐத்தான் கூட்ட வேண்டும். அவசரத்தில் ஒருவர் ஒன்றைக் கூடுதலாகக் கூட்டினால் காலாவதிச் சட்டம் குறுக்கே வந்து நிற்கும்.

இரண்டாவது சிக்கல், தெரிந்த சொற்களால் விளைவது. தெரியாத சொல்லுக்காவது அர்த்தம் கேட்போம். தெரிந்தது போன்ற சொல் நம்மைக் கவிழ்த்துவிடும். தமிழில் நிலம் என்றால் எல்லா மண்ணும் நிலமே. மலையாளப் பத்திரத்தில் 'நிலம்' என்பது நெல் விளையும் நஞ்சை மட்டும். தென்னையும் மாவும் நிற்கும் மேட்டு மண் 'புரயிடம்'. இந்த வித்தியாசம் தெரியாமல் எழுதிய தமிழ்ப் பத்திரங்களை நாமே பார்த்திருக்கிறோம்.

இதைவிடச் சிக்கலான விஷயமும் உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒரு காலத்தில் சொத்து மருமக்கள்வழியாக இறங்கியது. மாமனும் மருமகனும் ஏறி இறங்கிய கோர்ட்டுப் படிகளைப் பற்றிக் கவிமணி பாடி நாடே சிரித்தது. அவர்களுக்கென்றே கொல்லம் 1101-இல் சமஸ்தானம் 6-ஆம் சட்டத்தை இயற்றியது. 1956-ஆம் வருஷத்திய ஹிந்து வாரிசுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் அந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தின் பெயர் இன்றும் இருக்கிறது. அந்த வகைச் சொத்தின் பத்திரத்தில் யார் எந்த முறையில் பங்கு பெற்றார் என்று படித்துச் சொல்ல, மலையாளம் மட்டும் போதாது. பழைய சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் தெரிந்தவர்களை இன்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மலையாளத்தின்மேல் நமக்குப் பகை இல்லை. அது நமது அண்டை வீட்டாரின் பாஷை. நாம் குறை சொல்ல வருவது நம்மையே. மலையாளம் போனபின் கோர்ட்டுக்குள் தமிழா வந்தது? தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் நிறைவேறியது. கீழ்க் கோர்ட்டுகளில் சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் இருக்க 1976-இல் அதைத் திருத்தினார்கள். ஆயினும் பிராதும் எதிர்வாதமும் மனுவும் பெரும்பாலும் வக்கீல் பழகிய இங்கிலீஷிலேயே பிறக்கின்றன. நாமும் அப்படியே எழுதிப் பழகியவர்கள். கட்சிக்காரர் நமக்குப் பின்னால் கைகட்டி நிற்பார். அவருடைய வயலைப் பற்றி நாமும் நீதிபதியும் அவருக்குத் தெரியாத பாஷையில் கால் மணி நேரம் பேசுவோம். வெளியே வந்து "வாய்தா போட்டாச்சு" என்று இரண்டு வார்த்தையில் சொல்லி முடிப்போம். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் அவர் பீஸ் கொடுக்கிறார்.

சிவில் நடைமுறைச் சட்டம் 137-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கோர்ட்டில் எழுதப்படுவது இங்கிலீஷில் இருக்கலாம்; ஆனால் கட்சிக்காரருக்கோ அவருடைய வக்கீலுக்கோ இங்கிலீஷ் தெரியாவிட்டால், அவர் கேட்டவுடன் அந்தக் கோர்ட்டின் பாஷையில் மொழிபெயர்ப்புத் தர வேண்டும். செலவை யார் ஏற்பது என்பதைக் கோர்ட்டு தீர்மானிக்கும். வெள்ளைக்காரன் ஆட்சியில் 1908-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே எழுதிவைத்த உரிமை இது. இதைக் கேட்டு வாங்கிய கட்சிக்காரர் ஒருவரையும் நாம் பார்த்ததில்லை. கேட்கலாம் என்று அவர்களுக்கு நாம் சொன்னதுமில்லை.

ஹைக்கோர்ட்டின் கதை வேறு. மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறந்தபோது நம் ஜில்லாவுக்கு நியாயஸ்தலம் கிட்ட வந்தது. பாஷை கிட்ட வரவில்லை. அரசியல் சட்டத்தின் 348-ஆம் விதிப்படி, ஜனாதிபதியின் சம்மதத்தோடு கவர்னர் அனுமதித்தால் மாகாண பாஷையிலும் அங்கே நடவடிக்கை நடக்கலாம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பிஹார் ஆகிய நான்குக்கும் 1950 முதல் 1972-க்குள் ஹிந்திக்கு அந்த அனுமதி கிடைத்தது. தமிழுக்காகச் சட்டசபை 2006-இல் தீர்மானம் அனுப்பியது. சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் முழு அமர்வாகக் கூடி 2012-இல் அதை ஏற்க மறுத்தனர். வெளி மாகாணத்து நீதிபதிகளுக்குத் தமிழ் தெரியாதே என்ற கேள்வி பொய்யான கேள்வியல்ல, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதே கேள்வி ஜெய்ப்பூரில் எழவில்லையா? அங்கே விடை கிடைத்திருக்கிறது.

இதற்கிடையே 2024 ஜூலை 1-ஆம் தேதி புதிய குற்றவியல் சட்டங்கள் வந்து சேர்ந்தன. பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம். பெயரைச் சொல்ல நம் ஜூனியர்கள் படும் பாட்டைக் கண்டு நீதிபதியே புன்னகை செய்கிறார். சட்ட வாசகம் இங்கிலீஷில். பெயர் மட்டும் வடமொழியில். நம் ஜனங்கள் இங்கிலீஷ் அறியாவிட்டாலும் சட்டத்தின் சில எண்களைத் தம் பாஷையாக்கிக் கொண்டிருந்தார்கள். கோட்டாறு சந்தையில் எடை குறைத்தவனை ஒரு கிழவி 'ஃபோர் ட்வென்டி' என்று திட்டுவாள். அது 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவு. '144 போட்டிருக்கிறார்கள்' என்றால் தெருவில் கூட்டம் கூடக்கூடாது என்று பையன்களுக்கும் தெரியும். மோசடி இப்போது 318, தடையுத்தரவு 163. பழைய குற்றங்களுக்குப் பழைய எண், புதியவற்றுக்குப் புதிய எண் என்று இரண்டு கணக்கும் இன்னும் பல ஆண்டுகள் சேர்ந்தே ஓடும். அந்தக் கிழவி மாறப் போவதில்லை என்பது நமது அபிப்பிராயம்.

சட்டத்துக்குத் தமிழ் போதாது என்று இன்னமும் சிலர் சொல்லுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கோடிக்கணக்கான ரூபாய்ச் சொத்து தினந்தோறும் தமிழில்தான் கை மாறுகிறது. சுப்ரீம் கோர்ட்டே 2019 முதல் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழில் பெயர்த்து வெளியிடுகிறது. டில்லியில் முடிவது மீனாட்சிபுரத்தில் ஏன் முடியாது?

ஹைக்கோர்ட்டுக்காகக் காத்திராமல் இங்கேயே செய்யக் கூடியவை உண்டு. பழைய மலையாளப் பத்திரங்களுக்குப் பதிவு அலுவலகத்திலேயே, நிர்ணயித்த கட்டணத்தில், முத்திரையிட்ட தமிழ் மொழிபெயர்ப்புக் கிடைக்கட்டும். படிக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே இளைஞர் பத்துப் பேருக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுக்கட்டும். 137-ஆம் பிரிவைத் தமிழில் எழுதிக் கோர்ட்டு வாசலில் ஒட்டட்டும். அதற்கு எந்தத் தீர்மானமும் வேண்டியதில்லை.

பெரியவரின் பத்திரத்தைக் களியக்காவிளைப் பக்கத்து மலையாள ஆசிரியர் ஒருவரிடம் காட்டச் செய்தோம். கிழக்கெல்லை 'தோடு' என்றிருந்தது. தோடு என்றால் ஓடை. பின்னால் தமிழில் பத்திரம் எழுதிய யாரோ ஒருவர் அதைத் 'தோட்டம்' என்று எழுதிவிட்டார். அந்தத் தோட்டம் யாருடையது என்றுதான் அண்டை நிலத்துக்காரரோடு ஒன்பது வருஷமாக வழக்கு. எல்லையைத் திருத்த இப்போது மனுப் போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் வாய்தா. மனு இங்கிலீஷில் இருக்கிறது.