கைக்கும் மணிக்கட்டுக்கும் பயிற்சி தரும் கருவிகள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோயிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது, பாறசாலைக்கு அப்பாலுள்ள விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் எல்லையின் இருபுறத்திலும் தமிழும் மலையாளமும் ஒலிக்கின்றன. தொழில்களும் பெரும்பாலும் ஒன்றே. அவற்றுள் நெசவு, ரப்பர்ப் பால்வெட்டு ஆகிய இரண்டும் மணிக்கட்டையே மூலதனமாகக் கொண்டவை.

திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மாவின் காலத்தில் (1798–1810) தமிழகத்தின் தென்பகுதியிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் குடும்பங்கள் பாலராமபுரத்தில் நெசவைத் தொடங்கின. இங்குள்ள குழித்தறிகளில் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்கிறார்கள். ஒரு சேலை முடிவதற்குள் இந்த எறிதலும் பிடித்தலும் பல்லாயிரம் முறை நிகழ்கின்றன. பால்வெட்டும் தொழிலாளியின் கை இதனினும் நுட்பமானது. விடியுமுன் மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருக்கும்போது அவர் தோட்டத்தில் இறங்கி, மரத்துக்கு மரம் சென்று, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவிக்கொண்டே போகிறார். கத்தி சிறிது மேலோடினால் பால் குறையும். சிறிது ஆழமாய் இறங்கினால் மரம் பருப்பதற்குக் காரணமான உட்படலம் புண்படும். மில்லிமீட்டர்க் கணக்கிலான இவ்வேறுபாட்டைக் காப்பது மணிக்கட்டு ஒன்றே.

இத்தகையோர்க்குக் கை வலிக்கத் தொடங்கினால், "பிடிவில் ஒன்று வாங்கி அமுக்கிப் பழகுங்கள்" என்று அண்டையிலுள்ளோர் யோசனை கூறுவது வழக்கம். விளையாட்டுப் பொருள் விற்கும் கடைகளில் இவ்வகைக் கருவிகள் பல கிடைக்கின்றன. அவை கையின்மீது எவ்வகைச் சுமையை ஏற்றுகின்றன, அச்சுமை எக்கைக்கு ஏற்றது, எக்கைக்குத் தீங்கானது என்பதை அறிந்தே அவற்றைக் கையாளுதல் வேண்டும்.

முதலில் கையின் அமைப்பை நோக்குவோம். ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இவற்றை அசைக்கும் பெரிய தசைகள் கையில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையேயுள்ள முன்கையில் இருக்கின்றன. பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னால் நின்று நூலை இழுப்பதுபோல், அவை நீண்ட தசைநாண்களின் வழியாக விரல்களை இழுக்கின்றன. மேசைமேல் முன்கையை வைத்து விரல்களை ஒவ்வொன்றாக அசைத்தால், முழங்கைக்குச் சற்றுக் கீழே தசை துடிப்பதைக் காணலாம். விரல்களை மடக்கும் தசைநாண்கள் ஒன்பதும், அவற்றோடு நடுநரம்பும், மணிக்கட்டின் உட்புறத்திலுள்ள ஒரு குறுகிய குகை வழியே செல்கின்றன. அங்கு வீக்கம் ஏற்பட்டால் முதலில் நசுங்குவது நரம்பே. இரவில் கட்டைவிரல், ஆட்காட்டிவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போய் உறக்கம் கலைவது இதன் அறிகுறி.

வாசகர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். மணிக்கட்டை உள்நோக்கி முழுதும் மடக்கிக்கொண்டு முட்டியை இறுக்க முயலுங்கள், இறுகாது. மணிக்கட்டைச் சிறிது பின்னோக்கி நிமிர்த்தினால் முட்டி தானே இறுகும். பிடியின் வலிமைக்கு மடக்கும் தசைகள் மட்டும் போதா. மணிக்கட்டை நிமிர்த்தி நிறுத்தும் புறத்தசைகளும் ஈடுகொடுத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும். நாள் முழுவதும் கத்தியையோ நாடாவையோ பற்றும் ஒருவரிடம் பெரும்பாலும் முதலில் களைத்து நோவெடுப்பவை இப்புறத்தசைகளே. முழங்கையின் வெளிப்புறத்தில் தோன்றும் பிடிவாதமான வலி இவற்றின் வேர்ப்பகுதியில் உண்டாவதாகும்.

இனிக் கருவிகளைக் காண்போம். நம் நாட்டில் இவற்றுள் மூத்தது கர்லாக்கட்டை. இதன் தத்துவத்தை அறிய ஓர் உலக்கை போதும். உலக்கையை நடுவில் பிடித்துத் தூக்குவது எளிது. அதே உலக்கையை ஒரு முனையில் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டுவது அரிது. எடை மாறவில்லை, கைக்கும் எடைக்கும் இடையேயுள்ள தூரம் மாறியது. கட்டையின் பருத்த பகுதி பிடியிலிருந்து விலகியிருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் மணிக்கட்டின்மீது முறுக்குவிசை ஏறி இறங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயப் படையினர் இதைக் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் விளையாட்டுகளில் கட்டை சுழற்றல் ஒரு போட்டியாகவே நடைபெற்றது. நம் ஊர்க் கூடங்களில் பிறந்த பொருள் அயல்நாட்டு மேடையில் பதக்கம் பெற்றுத்தந்ததை நம்மில் பலர் அறியார்.

பிடிவில் என்பது இரு கைப்பிடிகளைச் சுருள்வில்லால் இணைத்த கருவி. 1904-05இல் இந்தியாவுக்கும் வந்து வித்தை காட்டிய யூஜின் சாண்டோ என்ற பலசாலி, இரண்டாகப் பிளந்து நடுவே வில் வைத்த டம்பெல்களை உலகெங்கும் பரப்பினார். வில்லின் இயல்பு, எவ்வளவு அமுக்குகிறோமோ அவ்வளவுக்கு எதிர்விசை கூடுவது. எனவே விரல்கள் முற்றும் மடங்கும் கடைசி நிலையில்தான் சுமை உச்சத்தை அடைகிறது. அன்றியும் இது மடக்கும் தசைகளுக்கே வேலை தருகிறது. விரிக்கும் தசைகளுக்கு ஒன்றும் தருவதில்லை. ஏற்கெனவே நாளெல்லாம் மடக்கி உழைத்த நெசவாளியின் கையில் இதைக் கொடுப்பது, சுமை தூக்கி வந்தவரை மறுபடியும் சுமை தூக்கச் சொல்வதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது கருவி விந்தையானது. கிரிக்கெட் பந்தின் பருமனே உள்ள ஒரு கூட்டினுள் கனமான சுழலி ஒன்று அடங்கியிருக்கும். அமெரிக்கரான ஆர்ச்சி மிஷ்லர் 1973இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சிறு கயிற்றால் இழுத்தோ, கட்டைவிரலால் உந்தியோ சுழலியைத் தொடங்கிவிட்டு, பந்தைப் பிடித்தபடி மணிக்கட்டை வட்டமாக அசைத்தால் சுழற்சி வேகம் பெருகிக்கொண்டே போகும். மின்கலம் கிடையாது. பந்து ஓசையிட்டுக்கொண்டு, உயிருள்ள பிராணிபோல் கையிலிருந்து திமிறும்.

இதன் மர்மம் பம்பரத்தில் இருக்கிறது. சாய்ந்து சுழலும் பம்பரத்தைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. பம்பரமோ விழாமல் பக்கவாட்டில் திரும்பித் தலையை ஆட்டி வட்டமிடுகிறது. வேகமாகச் சுழலும் பொருளின் அச்சைச் சாய்க்க முயன்றால், அது சாய்க்கும் திசையில் போகாமல் அதற்குச் செங்குத்தான திசையில் திரும்பும். பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ 1852இல் கைரோஸ்கோப் எனப் பெயரிட்ட கருவிக்கும் இதுவே அடிப்படை. ராக்கெட்டின் போக்கை உணர்த்தும் கருவிகளை உருவாக்கும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பிரிவு, நெய்யாற்றின்கரையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத வட்டியூர்க்காவில் இருப்பது இங்கு நினைக்கத்தக்கது.

பந்தினுள் சுழலியின் அச்சுமுனைகள் இரண்டும் வட்டமான ஒரு பள்ளத்தில் சற்றுத் தளர்வாகப் பொருந்தியுள்ளன. மணிக்கட்டு பந்தைச் சாய்க்கும்போது ஒரு முனை பள்ளத்தின் மேல்விளிம்பையும், மறுமுனை கீழ்விளிம்பையும் அழுத்துகின்றன. அதே வேளையில் அச்சு பள்ளத்தின் வழியே சுற்றிவருகிறது. அழுத்தியபடி சுற்றுவதால் முனைகள் விளிம்பில் உருள்கின்றன; அவ்வுருளலே சுழலியை முடுக்குகிறது. பள்ளத்தின் ஆரம் 3 சென்டிமீட்டர், அச்சுமுனையின் ஆரம் அரை மில்லிமீட்டர் எனக் கொள்வோம். முனை ஒருமுறை பள்ளத்தைச் சுற்றிவர, சுழலி 60 முறை சுழல வேண்டும். மணிக்கட்டு விநாடிக்கு இருமுறை வட்டமிட்டால் சுழலி விநாடிக்கு 120 முறை, அதாவது நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். குலிக், ஓரைலி என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் இதன் இயக்கத்தைச் சமன்பாடுகளால் விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர்.

கை உணரும் எதிர்விசை, சுழலியின் வேகத்தையும் மணிக்கட்டின் வேகத்தையும் பெருக்கி வருவது. மணிக்கட்டின் வேகம் இருமடங்கானால் சுழலியின் வேகமும் இருமடங்காகிறது. ஆகவே எதிர்விசை நான்கு மடங்காகிறது. மாறாக, கை களைத்து மெதுவானால் சுமையும் தானே இறங்கிவிடுகிறது. மேலும் சுமை ஒரே திசையில் நில்லாமல் முன்கையின் எல்லாப் பக்கங்களுக்கும் மாறி மாறிச் செல்கிறது. பிடிவில்லைவிட இது மேலானது எனக் கருதுவதற்கு இவ்விரு காரணங்களும் போதும். ஆனால் வேகத்தைக் காட்டும் எண்பலகை பொருத்திய பந்துகளும் உள்ளன. எண்ணைக் கூட்டும் ஆசை வந்துவிட்டால், பயிற்சி பந்தயமாகி மணிக்கட்டு வீங்கும்.

பிடியின் வலிமைக்கு மருத்துவர் இன்று தரும் மதிப்பு முன்னிலும் மிகுதி. இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வில், பிடிவலிமை 5 கிலோகிராம் குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பின் வாய்ப்பு 16 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. இதைக் காட்டிப் பிடிவில் விற்போரும் உளர். வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் காய்ச்சல் தணியாது. பிடிவலிமையும் உடல்நிலையைக் காட்டும் அளவுகோலே.

உண்மையான பயன் நோயுற்ற கையில்தான் சோதிக்கப்படுகிறது. கையூன்றி விழுந்து மணிக்கட்டு எலும்பு முறிந்த முதியவர், சுமார் ஆறு வாரம் மாவுக்கட்டில் இருந்தபின் கை மரக்கட்டைபோல் விறைத்திருப்பதைக் காண்கிறார். அவர்க்கு முதலில் வேண்டியது சுமையன்று, அசைவு. வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி விரித்தலும், பின்னர் மென்மையான பஞ்சைப் பிழிதலும், அதற்கும் பின்னரே பந்து முதலியனவும் வரவேண்டும். முழங்கை வெளிப்புற வலிக்கு, ரப்பர்த் தண்டு ஒன்றை முறுக்கி, அது மெல்லத் திரும்புகையில் மணிக்கட்டால் தாங்கிக்கொள்ளும் பயிற்சி 2010இல் அமெரிக்காவில் 21 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. வழக்கமான சிகிச்சையோடு இதையும் செய்தவர்கள் கூடுதல் குணம் பெற்றனர். எண்ணிக்கை சிறியது, ஆயினும் இறுக்குவதைவிடத் தாங்கித் தளர்த்துவதே தசைநாணுக்கு மருந்தாகலாம் என்னும் குறிப்பு மதிக்கத்தக்கது.

வலியே இல்லாத கையின் செய்தி வேறு. 1946இல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயால் கொக்கிபோல் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் முறையை அங்கு வளர்த்தார். இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைக் கற்பிக்க, அறுவைக்குப் பின் வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது. ஒருமுறை துருப்பிடித்த பூட்டில் அவரால் திருப்பமுடியாத சாவியை நோயாளிச் சிறுவன் ஒருவன் எளிதில் திருப்பிவிட்டான். அவனுடைய விரலோ எலும்பு தெரியுமளவு கிழிந்திருந்தது. அவன் அதை உணரவேயில்லை. தொழுநோயில் விரல்கள் அழுகி விழுவதில்லை, உணராத காயங்களால் தேய்கின்றன என்னும் முடிவுக்கு அவரை இட்டுச்சென்றவை இத்தகைய நிகழ்ச்சிகளே. நெடுநாள் நீரிழிவால் விரல்நுனி மரத்தவர்க்கும் இவ்வாபத்து உண்டு. பிடிவில்லின் உலோக விளிம்பு தோலைக் கிழித்தாலும் அவர்க்குத் தெரியாது. அத்தகையோர் மென்மையான பந்தையே பயன்படுத்தி, பயிற்சி முடிந்ததும் உள்ளங்கையைக் கண்ணால் பார்த்துச் சோதித்தல் வேண்டும்.

நெசவாளிக்கும் பால்வெட்டுபவர்க்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அவர்களுடைய கையில் குறைவது விரித்தலே. அகலமான ரப்பர் வளையம் ஒன்றை ஐந்து விரல்நுனிகளையும் சுற்றி மாட்டி, விரல்களை மலர்த்தி, மூன்று எண்ணும் வரை நிறுத்தி, வளையத்தை எதிர்த்தபடியே மெல்லக் குவிக்கலாம். முதல் வாரத்தில் பத்து முறையும், பின்னர் பதினைந்து முறையும், வேலை முடிந்து சிறிது ஓய்வுக்குப் பிறகு செய்யலாம். மறுநாட் காலையில் வலி மிகுந்திருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குக. விரல்கள் மரத்தாலோ, இரவில் குத்தல் எடுத்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கையைக் காட்டுக.