ஏரிகள் ஆக்கிய தொண்டை நாடு

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், உத்திரமேரூருக்குச் சற்று முன்னால் வருகிறது திருப்புலிவனம். வியாக்ரபுரீஸ்வரர் கோயிலும், சிங்கத்தின் மேல் காலூன்றிய தட்சிணாமூர்த்தியும் இவ்வூருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. எந்த மாவட்டம் என்று இன்று கேட்டால் காஞ்சிபுரம் என்பார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், ஜெயங்கொண்ட சோழ மண்டலத்துக் காலியூர்க் கோட்டம் என்றிருப்பார்கள்.

ஜெயங்கொண்ட சோழ மண்டலம் என்பது ராஜராஜன் காலத்தில் வந்த பெயர். அது கல்வெட்டோடு நின்றுவிட்டது. மக்கள் வாயில் நிலைத்தது தொண்டை மண்டலம்தான். 24 கோட்டங்கள், அவற்றுக்குள் நாடுகள், நாடுகளுக்குள் ஊர்கள் என்பது அதன் பழைய கணக்கு. எந்த அரசாணையிலும் இன்று இந்த மண்டலம் கிடையாது. காஞ்சியிலுள்ள ஆதீனத்தின் பெயரிலும் சில சமூகங்களின் பெயரிலும் மட்டும் வாழ்கிறது. சுவீடனிலும் இதே கதை. 1634-இல் நிர்வாகம் புதிய மாவட்டங்களுக்குப் போய்விட்டது. ஆனாலும் பழைய 25 மாகாணங்கள் மறையவில்லை. ஸ்மோலண்டு மாகாணத்துக்காரர் இன்றும் தம்மை ஸ்மோலண்டுக்காரர் என்றே சொல்லிக்கொள்கிறார்.

சோழநாட்டுக்குக் காவிரி உண்டு. தொண்டை நாட்டுக்கு வாய்த்த பாலாறோ, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையைப் பிடித்து வைத்தால்தான் பயிர். அதனால் சரிவு கண்ட இடமெல்லாம் கரை போட்டார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் போகும். மதகு திறந்தால் ஆயக்கட்டு நனையும். மகேந்திரவாடி, தென்னேரி, மதுராந்தகம், செம்பரம்பாக்கம் என்று இந்த மண்ணின் வரலாற்றை ஏரிக்கரை வழியாகவே சொல்லிவிடலாம். உத்திரமேரூரின் வயிரமேகத் தடாகம் பல்லவர் காலத்தது.

ஏரி ஒருவரால் ஆகிற காரியமில்லை. தூர் வார ஆள் வேண்டும், உடைப்பை அடைக்கப் பணம் வேண்டும், தண்ணீரைப் பங்கிட நியாயம் வேண்டும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் 919, 921 ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகளை இந்தத் தேவையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஊரின் 30 குடும்புகளிலிருந்து, அதாவது பகுதிகளிலிருந்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குபவர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்று, உரக்கப் படிக்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! இப்படித் தேர்வானவர்களில் ஆறு பேர் ஏரி வாரியத்துக்கு. ஏரியைக் கவனிப்பதே அவர்கள் வேலை.

இதை மக்களாட்சி என்று மேடைதோறும் கொண்டாடுகிறோம். கொஞ்சம் மிகைதான். இது பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு, 35 முதல் 70 வரை வயது, இத்தனையும் இருந்தவருக்கே இடம். பெண்களும், வயலில் இறங்கி உழைத்தவர்களும் கணக்கிலேயே இல்லை. ஆனால் பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடத்துக்குள் நுழைய முடியாது என்ற விதி இருக்கிறதே, அதை இன்றைக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பொதுக் காரியங்கள் ஏரியோடு நிற்கவில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், சோழ மன்னன் வீரராஜேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைப் பதிவு செய்கிறது. கோயில் வருமானத்தில் நடந்த அறம் அது.

போரும் இந்த மண்ணை விடவில்லை. காஞ்சியை அடுத்த புள்ளலூரில் 1780-இல் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயரை முறியடித்தது, சுற்றுவட்டாரம் சூறையாடப்பட்டது. அதற்கு முன்பே, 1763-இல், ஆற்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஜாகீராக வாங்கியிருந்தது. கம்பெனி எழுதி வைத்த கணக்குகளில் களத்து நெல் முழுவதும் உழவனுக்கும் அரசுக்கும் மட்டும் போகவில்லை. கோயில், கணக்கர், வெட்டியான், நீர்ப்பாசனம் எல்லாவற்றுக்கும் பங்கு இருந்தது.

2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. உத்திரமேரூர் வட்டமும் திருப்புலிவனமும் காஞ்சிபுரத்திலேயே இருக்கின்றன. கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயிலோடு திரும்பிவிடாமல், உத்திரமேரூர் ஏரிக்கரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள்.